தறிக்கு தினமும் எண்ணெய்... பைக் செயினுக்கு? மாதம் இரண்டு முறை, 15 நிமிடம் போதும்!

பொதட்டூர்பேட்டையில் காலை ஆறு மணிக்கு எந்தத் தெருவில் நின்றாலும் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, விசைத்தறி. இன்னொன்று, நூல் எடுக்கவோ நெய்த துணியைக் கொடுக்கவோ கிளம்பும் பைக். திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் நெசவாளர் ஊர் இது. 1980-ல் டி.வி.எஸ் 50 வந்த காலத்திலிருந்தே மூட்டை சுமக்கிற வேலை முக்கால்வாசி இருசக்கர வாகனத்தின் தலையில்தான்.

என் அப்பாவும் தறி ஓட்டுபவர்தான். காலையில் சுவிட்சைப் போடுவதற்கு முன் எண்ணெய்க் கேனைக் கையில் எடுத்துவிடுவார். எங்கெல்லாம் இரும்பும் இரும்பும் உரசுகிறதோ, அங்கெல்லாம் இரண்டு சொட்டு. காய்ச்சல் என்றாலும் இந்த வேலையை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். "எண்ணெய் போடாம ஓட்டுனா இன்னிக்கு பத்து ரூபா மிச்சம். நாளைக்கு ஷாஃப்டே போயிடும்" என்பார்.

அதே அப்பாவின் பைக் செயினுக்குக் கடைசியாக எப்போது எண்ணெய் போட்டது? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அது ஒரு கிருத்திகை அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

ஸ்பீடு பிரேக்கர் காப்பாற்றியது

அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் திருத்தணி முருகனைக் கும்பிடப் போயிருந்தார்கள். அம்மாவுக்கு முட்டி வலி. 365 படிகளும் ஏற முடியாது என்பதால் மலைப்பாதையில் பைக்கிலேயே போய் வந்தார்கள். ஒரு வாரமாகவே பின்பக்கத்திலிருந்து 'கரக்... கரக்...' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. "சர்வீஸுக்கு விடும்போது பாத்துக்கலாம்" என்று விட்டிருந்தார் அப்பா.

மலை இறங்கி ஊருக்குத் திரும்பும் சாலையில், ஒரு ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியதும் செயின் கழன்றது. கழன்ற செயின் பல்சக்கரத்துக்கும் கவருக்கும் நடுவில் சிக்கிக்கொள்ள, பின்சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. பைக் ஒரு பக்கமாக இழுத்துச் சாய்ந்தது. ஸ்பீடு பிரேக்கருக்காக வேகத்தைக் குறைத்திருந்ததால் அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, புடவையில் ஒரு கிழிசல் என்பதோடு போயிற்று. அந்த நேரத்தில் பின்னால் லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

மறுநாள் ஊர் மெக்கானிக் செயின் கவரைக் கழற்றினார். உள்ளே செயின் செங்கல் நிறத்தில் இருந்தது. துரு, மண், அதன்மேல் தறிக்கூடத்துப் பஞ்சு.

"இன்னாண்ணா இது? தறிக்கு டெய்லி எண்ணெய் வுடுறீங்க. இது இன்னா பாவம் பண்ணுச்சு?"

அப்பா பதில் சொல்லவில்லை. செயின், இரண்டு பல்சக்கரம், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அன்று மாலை முழுக்க அந்தக் கடையில் உட்கார்ந்து கேட்டதையும், பிறகு பைக்கோடு கொடுக்கும் கையேட்டைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மெக்கானிக் ஆக வேண்டாம். ஒரு பழைய துணியும் ஒரு பிரஷும் இருந்தால் போதும்.

செயினுக்குள் என்ன நடக்கிறது?

பைக் செயின் பார்க்க ஒரே துண்டு மாதிரி இருந்தாலும், நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் கோத்தது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் உருளும் ஒரு ரோலர், இருபுறமும் தகடுகள். இந்த அமைப்பு புதிதல்ல. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு 1880-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிள் முதல் தொழிற்சாலை இயந்திரம் வரை இன்றும் ஓடுவது அடிப்படையில் அதே வடிவம்தான்.

நம் ஊருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கோவையைச் சேர்ந்த எல்.ஜி.பி நிறுவனத்தின் 'ரோலான்' செயினும், முருகப்பா குழுமத்தின் 'டயமண்ட்' செயினும் தமிழ்நாட்டுக்காரர்களின் தயாரிப்புகள். நீங்கள் ஓட்டும் பைக்கில் இருப்பது இவற்றில் ஒன்றாகவே இருக்கலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாதாரண 100 சிசி பைக் 40 கி.மீ வேகத்தில் போகும்போது பின்சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 6 முறை சுற்றுகிறது. செயின் நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் முழுச் சுற்று சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கண்ணியும் நான்கு இடங்களில் மடங்கவோ நிமிரவோ வேண்டும். அதாவது நொடிக்கு எட்டு, ஒன்பது முறை. எண்ணெய் இல்லாவிட்டால் அத்தனை முறையும் பின்னும் புஷ்ஷும் வெறும் இரும்பாக உரசுகின்றன.

"செயின் நீண்டுபோச்சு" என்று சொல்கிறோம் அல்லவா? உண்மையில் தகடு ரப்பர் மாதிரி நீள்வதில்லை. உள்ளே பின் தேய்கிறது. ஒரு கண்ணியில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால், 110 கண்ணிகள் கொண்ட செயின் 11 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல்! பல்லில் சரியாக உட்கார வேண்டிய செயின் பல்லின் மேலே ஏற ஆரம்பிக்கும். அப்பாவின் பைக்கில் ஸ்பீடு பிரேக்கரில் நடந்தது அதுதான்.

முதலில், உங்கள் பைக்கில் என்ன செயின்?

*திறந்த செயினா, மூடிய செயினா?* குடும்பத்துக்காக வாங்கும் 100, 110 சிசி பைக்குகள் பலவற்றில் செயினை முழுதாக மூடும் கவர் இருக்கும். தூசியும் மழையும் அதிகம் படாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணில் படாதது மனதிலும் படாது. எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். மூடிய கவரில் சின்னதாக ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் செயினைப் பார்க்கலாம், தளர்வைச் சோதிக்கலாம், எண்ணெயும் போடலாம்.

*ஓ-ரிங் உண்டா?* சற்று விலை கூடிய பைக்குகளில் தகடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன கறுப்பு ரப்பர் வளையங்கள் தெரியும். அது ஓ-ரிங் செயின். பின்னுக்குள் கிரீஸை வைத்து இந்த வளையத்தால் மூடியிருப்பார்கள். நீண்ட காலம் உழைக்கும். ஆனால் ரப்பர் கெட்டால் உள்ளே இருக்கும் கிரீஸும் போய்விடும்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வழக்கமான பெட்ரோல் ஸ்கூட்டரில் செயினுக்குப் பதிலாக உள்ளே பெல்ட் ஓடுகிறது. அதை சர்வீஸ் சென்டரில் பார்த்துக்கொள்வார்கள்.

15 நிமிட வேலை... இப்படித்தான்!

எப்போது செய்வது? 500 முதல் 1,000 கி.மீட்டருக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. தினமும் 30 கி.மீ ஓட்டினால் 15 நாளில் 450 கி.மீ வந்துவிடும். ஆகவே, மாதம் இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் கணக்குப் பார்க்க வேண்டாம். செயின் காய்ந்ததும் எண்ணெய் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது ரொம்ப முக்கியம்.

1. சாவியை எடுங்கள். பைக்கை சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்து, சாவியைப் பாக்கெட்டில் போடுங்கள். 'கியரில் போட்டு சக்கரத்தைச் சுற்றவிட்டால் சீக்கிரம் முடியும்' என்று சிலர் செய்வார்கள். தயவுசெய்து வேண்டாம். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் துணி மாட்டினால், துணியோடு விரலும் போகும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். குழந்தைகள் அருகில் இருந்தால், முதலில் அவர்களை நகர்த்திவிடுங்கள்.

2. அழுக்கை எடுங்கள். செயின் கிளீனர் ஸ்பிரே அல்லது மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி செயினைத் துடையுங்கள். கெட்டியான அழுக்குக்குப் பழைய டூத் பிரஷ் போதும். மூடிய கவர் உள்ள பைக்கில், கவரைக் கழற்றிச் செய்யும் முழுச் சுத்தத்தை சர்வீஸ் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

3. காயவிடுங்கள். காய்ந்த துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரத்தின்மேல் எண்ணெய் போட்டால் உள்ளே இறங்காது.

4. எண்ணெய் போடுங்கள். செயின் லூப் ஸ்பிரே இருந்தால் நல்லது. இல்லையென்றால், மெக்கானிக் கடைகளில் '90 ஆயில்' என்று கேட்டால் கொடுக்கும் கியர் ஆயிலே போதும். பல கையேடுகள் சொல்வதும் அதைத்தான். கீழே ஓடும் செயினின் உள்பக்கத்தில், அதாவது பல்சக்கரத்தைத் தொடும் பக்கத்தில் போடுங்கள். வண்டி ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கமாக வீசப்படும் என்பதால், உள்ளே போட்டது தானாகவே ரோலரைத் தாண்டிப் பரவும். டயரிலும் பிரேக்கிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. அட்டையை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள்.

5. மிச்சத்தைத் துடையுங்கள். அரை மணி நேரம் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வேலை செய்வது உள்ளே போன எண்ணெய். வெளியே பூசியிருப்பது புழுதியைத்தான் சேர்க்கும். சாயங்காலம் வண்டியை ஓட்டிவந்து நிறுத்திய பிறகு, செயின் லேசாகச் சூடாக இருக்கும்போது போட்டால் இரவு முழுக்க ஊறும்.

தளர்வையும் பாருங்கள்

எண்ணெய் போடுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில், கீழே ஓடும் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சாதாரண பைக்குகளில் இந்த ஆட்டம் 20 முதல் 30 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பைக்குக்குப் பைக் மாறும். உங்களுடைய அளவு கையேட்டிலோ, செயின் அருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். ஓர் இடத்தில் இறுக்கமாகவும் இன்னொரு இடத்தில் தொளதொளவென்றும் இருந்தால், செயின் ஒரே சீராகத் தேயவில்லை என்று அர்த்தம்.

தளர்ந்தால் கழன்றுவிடும். சரி, நன்றாக இறுக்கிவிடலாமா? அதுவும் ஆபத்துதான். மேடு பள்ளத்தில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது செயினுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் செயின் அறுந்துபோகலாம், பேரிங் தேயும். இரண்டு பேர் உட்கார்ந்து மூட்டையும் ஏற்றினால் இந்த இழுப்பு இன்னும் கூடும். "பாவை ரொம்ப இழுத்துக் கட்டுனா நூல் அறுந்துபோற மாதிரி" என்று மெக்கானிக் சொன்னபோது, அப்பா தலையாட்டினார். அதுவரை நடந்த பேச்சில் அவருக்கு முழுசாகப் புரிந்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தளர்வைச் சரிசெய்ய ஆக்சில் நட்டைத் தளர்த்த வேண்டும். சக்கரத்தின் இருபக்கமும் உள்ள கோடுகள் ஒரே அளவில் நிற்க வேண்டும். கடைசியில் நட்டைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் ஒன்றை மறக்காமல் பாருங்கள். செயினைச் சரிசெய்யும்போது சக்கரம் பின்னால் நகர்வதால், டிரம் பிரேக் உள்ள பைக்கில் பின் பிரேக்கின் பிடிப்பும் மாறிவிடும். கடையிலிருந்து கிளம்பும் முன் பிரேக் பெடலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இதெல்லாம் வேண்டாம்!

*கழிவு இன்ஜின் ஆயில்:* 'சும்மா கிடைக்குதே' என்று ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் கரியும், இன்ஜினில் தேய்ந்த இரும்புத் துகளும் இருக்கும். எண்ணெய் என்று நினைத்து உப்புத்தாளைத் தேய்ப்பது மாதிரி.

*பெட்ரோல்:* ஓ-ரிங் ரப்பரைக் கெடுக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

*தேங்காய் எண்ணெய்:* அவசரத்துக்குக்கூட வேண்டாம். கொஞ்ச நாளில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

*மேலே அப்பிய கிரீஸ்:* பார்க்க நிறைய போட்ட மாதிரி இருக்கும். கெட்டியாக இருப்பதால் பின்னுக்குள் இறங்காது. மேலே மண்தான் ஒட்டும்.

*கம்பி பிரஷ்:* ஓ-ரிங் செயினில் கண்டிப்பாகக் கூடாது. ரப்பர் வளையம் கிழிந்துவிடும்.

*வாட்டர் சர்வீஸ் தண்ணீரைச் செயினில் நேராகப் பீய்ச்சுவது:* அந்த அழுத்தத்தில் அழுக்கு உள்ளே போகும், எண்ணெய் வெளியே வரும். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், வீட்டுக்கு வந்ததும் செயினுக்கு எண்ணெய் போடுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். அதற்கு வண்டியே அறிகுறி காட்டும்.

பின் பல்சக்கரத்தின் பின்பக்க விளிம்பில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லை விட்டு நன்றாக விலகி வந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பல்சக்கரத்தின் பற்கள் நேராக இல்லாமல் கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதுவும் முடிந்தது. செயினை அட்ஜஸ்ட் செய்யும் இடம் கடைசிக் கோடுவரை வந்துவிட்டாலும், சில கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றாலும் இனி தள்ளிப்போட வேண்டாம்.

மாற்றும்போது செயினையும் முன், பின் பல்சக்கரங்களையும் சேர்த்து செட்டாகவே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால், அந்தப் பல் புதுச் செயினையும் சீக்கிரம் தேய்த்துவிடும்.

செயின் லாக் என்ற சின்ன கிளிப் இருக்கும் பைக்கில் இன்னொரு கவனம் தேவை. கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால், எங்காவது உரசிக் கழன்றுவிடும். வேலை முடிந்ததும் நீங்களே குனிந்து ஒருமுறை பார்க்கலாம். மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பின்னால் உட்காருபவருக்காக...

இது வண்டி ஓட்டுபவர் மட்டும் படிக்க வேண்டிய விஷயம் இல்லை. புடவை கட்டியவர்கள் பைக்கில் ஒரு பக்கமாக உட்காரும்போது கால்கள் இருப்பது இடது பக்கம். நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் செயினும் இடது பக்கம்தான். செயின் கழன்றாலோ அறுந்தாலோ முதலில் ஆபத்து அந்தப் பக்கத்துக்குத்தான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 123-வது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்கிறது. உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. நாம் 'சாரி கார்டு' என்று சொல்வது அதைத்தான். 'பைக் ஸ்டைலா இருக்கணும்' என்று அதையும் செயின் கவரையும் கழற்றிப் போடும் தம்பிகளே, அம்மாவும் அக்காவும் அதே பைக்கில்தான் உட்காருகிறார்கள். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டபின் வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள்.

பின்னால் உட்காருபவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. செயின் சத்தம் ஓட்டுபவரைவிட உங்களுக்குத்தான் நன்றாகக் கேட்கும். 'கரக் கரக்' என்று கேட்டாலோ, கிளம்பும்போது 'டக்' என்று ஓர் உதறல் வந்தாலோ உடனே சொல்லுங்கள். அம்மா அந்தச் சத்தத்தை ஒரு வாரமாகக் கேட்டிருக்கிறார். "வண்டியப் பத்தி எனக்கென்ன தெரியும்னு சும்மா இருந்துட்டேன்" என்று பிறகு சொன்னார்.

இப்போது எங்கள் தறிக்கூடத்துச் சுவரில் இரண்டு கேன்கள் தொங்குகின்றன. ஒன்று தறிக்கு, ஒன்று பைக்குக்கு. அமாவாசைக்கு ஒரு முறை, பௌர்ணமிக்கு ஒரு முறை என்று அப்பா கணக்கு வைத்திருக்கிறார். காலண்டரைப் பார்த்து ஞாபகப்படுத்துவது அம்மாவின் வேலை. "செயினுக்குப் போட்டாச்சா?" என்று கேட்டு, "ஆச்சு" என்று பதில் வந்த பிறகுதான் வண்டியில் ஏறுகிறார்.

நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், செல்போனில் டார்ச்சைப் போட்டு, உங்கள் பைக் செயினை ஒருமுறை குனிந்து பாருங்கள். செங்கல் நிறத்தில் இருந்தால், அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்க வேண்டாம்.